கடைசிப் பக்கத்தில் கையெழுத்து

7 ஜூன், சனி

வழக்கறிஞர் சங்கத்தில் மின்னணுச் சாட்சியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஒருவர் எழுந்து, "ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து நோட்டரி சீல் வச்சா போதாதா மேடம்?" என்று கேட்டார். போதாது என்றேன். "இவ்வளவு நாளும் போதுமா இருந்துச்சே" என்றார். அப்போதும் போதாதுதான். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புதிய சாட்சியச் சட்டப்படி, கைப்பேசியில் இருந்தோ கணினியில் இருந்தோ எடுத்த எதைத் தாக்கல் செய்தாலும் ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர். பாளையங்கோட்டையில் நிபுணருக்கு எங்கே போவது? கணினித் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய கல்லூரி ஆசிரியர்களைத் தேடி வருகிறார்கள். என்னை இதில் இழுத்துவிட்டது வக்கீலாக இருக்கும் ஆவுடை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை உண்டு, ஹாஷ் என்று பெயர், எண்ணும் எழுத்துமாக அறுபத்து நான்கு, ஒலிப்பதிவில் ஒரு விநாடியை வெட்டினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும் என்று சொன்னபோது மட்டும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் அறுபத்து நான்கையும் படிப்பதில்லை, முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்தால் நடைமுறைக்குப் போதும் என்று வகுப்பில் சொல்வதை அங்கேயும் சொன்னேன்.

ஆவுடை முன்வரிசையில் இருந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் எல்லாரிடமும், "டாக்டர் ஹெப்சிபா. என் கூட்டுக்காரி. பி.எஸ்சி.ல ஒரே பெஞ்சு" என்றாள். சிற்றுண்டி வடையில் உப்பு இல்லை.

8 ஜூன், ஞாயிறு

ஆலயம் போய் வந்து துணி துவைத்தேன். மதியம் ஆவுடை ஸ்கூட்டரில் வந்தாள். அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இங்கே வந்து சோபாவில் ஒரு மணி நேரம் தூங்குவாள். அவளுக்கென்று தனியாக ஒரு தலையணை இருக்கிறது. தூங்கி எழுந்து தேநீர் குடித்துவிட்டு, பேசவேண்டிய ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போவாள். நான் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கும் அது தேவைப்படுவதில்லை.

19 ஜூன், வியாழன்

ஆவுடையும் அவள் குமாஸ்தா பேச்சிமுத்துவும் துறைக்கு வந்தார்கள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு. ஆவுடை தகப்பன் பக்கம். அவருடைய கைப்பேசியைக் கொண்டுவந்திருந்தாள். மனைவியோடு பேசிய அழைப்பு ஒன்று அதில் பதிவாகி இருக்கிறது.

கைப்பேசியைப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. பார்த்தேன். பதினொரு நிமிடக் கோப்பு. அதன் ஹாஷைக் கணக்கிட்டு, பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். என் கணினியில் இருந்ததை அழித்தேன். பதிவைக் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பது என் விதி. கணவன் மனைவி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நிபுணருக்குத் தேவையில்லாதது.

ஹாஷ் 7b4 என்று தொடங்கியது. "ஆவுடை, இங்க பாரு, ஏழு பி" என்று திரையைக் காட்டினேன். பி.எஸ்சி. படித்தபோது நாங்கள் கல்லூரிக்குப் போன பஸ் ஏழு பி. மூன்று வருடமும் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை. அவள் போனில் எதையோ தட்டிக்கொண்டே, "ஆமாட்டி ஆமா" என்றாள்.

சான்றிதழ் இரண்டு பக்கம். துறையின் பிரிண்டரில் எடுத்தேன். டிரம் கெட்டுப்போய் இடது ஓரத்தில் மெல்லிய கோடு விழுகிறது. மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்து மாதக்கணக்காகிறது. நான் கையெழுத்திட்டதும் பேச்சிமுத்து, "மேடம், முதப் பக்கத்துலயும் கீழ ஒரு..." என்று தொடங்கினார். ஆவுடை, "விடும்யா. அவ வாத்திச்சி. மார்க் ஷீட்டு மாதிரி கடைசிலதான் போடுவா. போதும்" என்றாள். உண்மைதான். இருபத்து மூன்று வருடமாக எதிலும் கடைசிப் பக்கத்தில்தான் கையெழுத்திட்டு வருகிறேன்.

போகும்போது என் மேசையில் இருந்த கொய்யாப் பழங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

27 ஜூன், வெள்ளி

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

ஆவுடை வரவில்லை. வேலை இருக்கிறதாம். இருக்கும்.

14 ஜூலை, திங்கள்

இரண்டாம் பாடவேளை முடிந்து வந்தபோது துறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் துணிக்கடைப் பை. மாணவி யாருடைய தாயோ என்று நினைத்தேன்.

"நீங்கதான ஹெப்சிபா மேடம்? கையெழுத்துப் போட்டது நீங்கதான?" என்றாள்.

பிரமிளா. அந்த வழக்கின் தாய். உட்காரச் சொல்லவில்லை. வழக்கில் எதிர்த்தரப்பில் இருப்பவர் என்னிடம் பேசுவது முறையில்லை என்றேன்.

"முறையெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். நான் பேசினதுல பாதிதான் கோர்ட்டுல போட்டுருக்காங்க. கோவத்துல சொன்னேன், 'எனக்கு அவ வேண்டாம், நீயே வச்சுக்கோ'ன்னு. சொல்லலன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பொறவு பாப்பா போனை வாங்கிப் பேசுனா. எட்டாம் வாய்ப்பாடு வரலன்னு அழுதா. போன்லயே சொல்லிக் குடுத்தேன். அது எங்க போச்சு?"

"உங்க வக்கீல் மூலமா கேளுங்க."

"எங்க வக்கீல் சாருக்கு என் போன்ல வர்ற மெசேஜையே நான்தான் படிச்சுக் காட்டணும். மேடம், இப்பவே பிள்ளைய சனிக்கிழமை சனிக்கிழமை கோர்ட்டு ரூம்ல வச்சுத்தான் பாக்கேன். இந்தப் பதிவு கோர்ட்டுல நின்னுட்டா அதுவும் போயிரும்."

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். தனக்கு எதிரான ஒவ்வொரு பதிவும் வெட்டி ஒட்டியது. தனக்குச் சாதகமானது எல்லாம் சுத்தம். அவளிடம் அதைச் சொல்லவில்லை. வகுப்பு இருக்கிறது என்றேன். வகுப்பு இல்லை. சான்றிதழின் ஜெராக்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதன்மேல் வருகைப் பதிவேட்டை வைத்தேன்.

17 ஜூலை, வியாழன்

பதிவேட்டை எடுத்தபோது ஜெராக்ஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் கோடு இருக்கிறது. முதல் பக்கத்தில் இல்லை.

முதல் பக்கத்தில் ஹாஷ் e0 என்று தொடங்குகிறது. கோப்பின் நீளம் நான்கு நிமிடம்.

இரண்டாம் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. என் பேனா, என் சாய்வு. கீழே கல்லூரி முத்திரை, நானே குத்தியது.

மூன்றாம் பாடவேளை வகுப்பெடுத்தேன். தரவு நம்பகத்தன்மை. ஒரு மாணவி சந்தேகம் கேட்டாள். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

18 ஜூலை, வெள்ளி

பேச்சிமுத்துவாகத்தான் இருக்க வேண்டும். தட்டச்சு செய்வது அவர். ஏதோ பக்கம் கிழிந்து, திரும்ப அடித்து, தவறான எண்ணைப் போட்டிருப்பார்.

ஆனால் தவறாக அடித்த எண், பென் டிரைவில் உள்ள கோப்போடு எப்படிப் பொருந்தும்? பொருந்தாமல் இருந்தால் நீதிமன்ற அலுவலகத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் நான் கொடுத்த கோப்பும் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவாள். கேட்டுக்கொள்ளலாம்.

20 ஜூலை, ஞாயிறு

வந்தாள். தலையணையை எடுத்துப் போட்டுப் படுத்தாள். தூங்கி எழும்வரை காத்திருந்தேன். அது ஏன் என்று இப்போது தெரியவில்லை. தேநீர் கொடுத்துவிட்டு ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்தேன்.

பார்த்தாள். தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இது எங்கட்டி கெடச்சுது?"

"முதப் பக்கம் என்னோடது இல்ல."

"பேச்சிமுத்து ஏதாவது மாத்தி அடிச்சிருப்பாரு. வயசாயிட்டுல்லா அவருக்கு."

"கோப்பும் மாறியிருக்கு."

தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு, நான் ஏதோ சின்ன விஷயத்துக்குத் தொல்லை கொடுப்பதுபோல் பெருமூச்சு விட்டாள்.

"ஏட்டி, நான் புதுசா எதையும் சேக்கலியே. அவ சொன்னதுதான். அவ வாயால சொன்னது. முழுசாப் போட்டா ஜட்ஜம்மா முதல் நாலு நிமிஷத்தைக் கேக்கவே மாட்டாங்க. கடைசி ஏழைக் கேட்டுட்டுக் கண்ணைத் தொடைப்பாங்க."

அப்படியானால் அவள் முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"பிள்ளை அப்பன்கிட்ட நல்லாத்தான் இருக்கு. சும்மா வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துட்டா நல்ல அம்மாவா?"

"என் பேரு இருக்கு அதுல."

"அதான் சொல்லுதேன். ரெண்டு பக்கமும் உன் சான்றிதழ்னுதான் கோர்ட்டுல இருக்கு. நீ இப்பப் போயி மாத்திச் சொன்னா நாறப்போறது உன் பேருதான். காலேஜுல கேப்பாங்க. எதுக்கு உனக்கு?"

"ஊர்ல எத்தன பேரு இருக்காங்க. ஏன் எங்கிட்ட வந்த?"

அவள் சிரித்தாள். வெறுப்பாக இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது. எப்போதும் சிரிப்பது போலவே சிரித்தாள்.

"மத்தவன்லாம் காதுல மாட்டிக் கேப்பான். நீ கேக்க மாட்டேல்லா. கேட்டாலும் யார்ட்டயும் சொல்ல மாட்ட."

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாக அதைக் கழுவுவது நான்.

25 ஜூலை, வெள்ளி

சம்மன் வந்தது. தாக்கலான பதிவு தன் முழுப் பேச்சு அல்ல என்று பிரமிளா மறுத்ததால், சான்றிதழ் கொடுத்த நிபுணரை விசாரிக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். ஆவுடை தன் தரப்புச் சாட்சியாக என்னை அழைத்திருக்கிறாள். ஆகஸ்ட் பன்னிரண்டு.

முதல்வரிடம் விடுப்பு கேட்டேன். "கோர்ட்டுக்கா? நல்லது, காலேஜுக்குப் பெருமைதான்" என்றார்.

2 ஆகஸ்ட், சனி

காலையில் நீதிமன்றப் பக்கம் போகவேண்டி இருந்தது. இல்லை, இருக்கவில்லை. போனேன்.

குழந்தைகளைச் சந்திக்கும் அறையின் ஜன்னல் வராந்தாவைப் பார்த்தபடி இருக்கிறது. பிரமிளா தரையில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, அவிழ்த்து, மறுபடி பின்னினாள். குழந்தை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. நான் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

வரும் வழியில் மின்கட்டணம் கட்டினேன்.

9 ஆகஸ்ட், சனி

ஆவுடை போன் செய்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"பயப்படாத. ரெண்டே கேள்விதான். 'படிப்பு என்ன'ன்னு கேப்பேன். 'இது உன் கையெழுத்தா'ன்னு கேப்பேன். ஆமான்னு சொல்லிட்டு இறங்கிரு. எதிர் வக்கீல் நெல்லையப்பன் சாரு ஒண்ணும் கேக்க மாட்டாரு. அவருக்குப் பென் டிரைவை எந்தப் பக்கம் சொருகணும்னு தெரியாது."

"ம்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உனக்கு அது புதுசா என்ன?"

"ம்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமல்லா, வரட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "தலைவலி" என்றும் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்?

12 ஆகஸ்ட், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். நீதிபதி பெண். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருக்கிறார். பிரமிளா பின்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருப்பு அங்கியில் ஆவுடையை அருகில் பார்த்ததில்லை. என்னை "நீங்கள்" என்றாள். முப்பது வருடத்தில் முதல் முறை. படிப்பு, பணி எல்லாம் கேட்டாள். பிறகு சான்றிதழைக் காட்டினாள்.

"இதிலுள்ள கையெழுத்து உங்களுடையதுதானா?"

"ரெண்டாம் பக்கத்துல இருக்கது என் கையெழுத்து."

"சரி. கையெழுத்தை ஒப்புக்கொள்கிறார், அம்மா. வேறு கேள்வி..."

"முதல் பக்கம் நான் குடுத்தது இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. ஆவுடை திரும்பவில்லை. நீதிபதியைப் பார்த்தே, "சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்" என்றாள்.

"நீங்க கூப்பிட்ட சாட்சிதானேம்மா. சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

சொன்னேன். நான் பார்த்தது பதினொரு நிமிடக் கோப்பு, இதில் நான்கு நிமிடம் என்று இருக்கிறது, ஹாஷ் வேறு, என் துறையின் பிரிண்டரில் எடுத்தால் ஓரத்தில் கோடு விழும், முதல் பக்கத்தில் இல்லை. முதல் பக்கத்தில் கையெழுத்திடாதது என் தவறு என்பதையும் சொன்னேன். கடைசி வரிசையில் யாரோ, "பி.ஹெச்டி.யாம்" என்று சிரித்தது கேட்டது.

ஆவுடை கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கினாள். பிறகு என்னைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டாள். சொந்தத் தரப்புக்கு எதிராகத் திரும்பிய சாட்சிக்கு அதுதான் பெயர். அனுமதி கிடைத்தது.

"எதிர்மனுதாரர் உங்களைக் கல்லூரியில் வந்து சந்தித்தாரா?"

"வந்தாங்க. பேசாம அனுப்பிட்டேன்."

"அவருக்கு இரக்கப்பட்டு இப்போது பொய் சொல்கிறீர்கள்."

"இல்ல."

"கோப்பின் நகல் உங்களிடம் இருக்கிறதா?"

"அழிச்சுட்டேன். எப்பவும் அழிச்சுருவேன்."

"குறிப்பு ஏதாவது?"

"டைரி இருக்கு. அது என் சொந்தக் குறிப்பு. அத நம்பி நான் வரல."

அவள் இப்போது என்னைப் பார்த்தாள். வழக்கில் ஜெயித்துவிட்ட நாட்களில் அவளுக்கு வரும் முகம். எனக்கு நன்றாகத் தெரியும்.

"அறுபத்து நான்கு எழுத்துள்ள ஒரு எண். ஜூன் மாதம் ஒரே ஒரு முறை பார்த்தது. அது வேறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மனப்பாடம் செய்து வைத்திருந்தீர்களா?"

"முழுசும் தெரியாது. ஆரம்பம் தெரியும். ஏழு, பி, நாலு."

"அது மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது?"

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது என்பாள். என் சோபாவில் படுத்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"ஏழு பி ஒரு பஸ் நம்பர்" என்றேன்.

"என்ன பஸ்?"

"காலேஜ் பஸ். நானும் நீங்களும் மூணு வருஷம் போன பஸ். அன்னிக்கு உங்ககிட்ட திரையில காட்டினேன்."

அவள் சான்றிதழை மேசையில் வைத்தாள். தட்டச்சர் விரல்களை நிறுத்திவிட்டு, "இதையும் போடவாம்மா?" என்று நீதிபதியைக் கேட்டார்.

"போடுங்க. சாட்சி சொன்னபடியே போடுங்க."

தட்டச்சு முடியும்வரை ஆவுடை நின்றுகொண்டே இருந்தாள். அது வெகுநேரம் ஆனது.

நெல்லையப்பன் எழுந்து, "எங்களுக்குக் குறுக்கு விசாரணை இல்லைம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் இருந்த யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு மறுபடி எழுந்து, அசல் கைப்பேசியைக் கொண்டுவர உத்தரவிட வேண்டும் என்றார். உத்தரவாயிற்று. கைப்பேசி அன்றே நீதிமன்றக் காவலுக்கு வந்துவிட வேண்டும். அடுத்த வாரம் எல்லார் முன்னிலையிலும் ஹாஷ் கணக்கிட நான் மறுபடி வர வேண்டும்.

படியிறங்கும்போது பேச்சிமுத்து எதிரே வந்தார். வணக்கம் சொல்லாமல் போனார்.

13 ஆகஸ்ட், புதன்

முதல்வர் கூப்பிட்டார். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நீதிமன்றக் கணினியில் கைப்பேசியை இணைத்தேன். இரு தரப்பு வழக்கறிஞர்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்றார்கள். நெல்லையப்பன் வலப்பக்கம், ஆவுடை இடப்பக்கம். அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாசனை வந்தது.

எண் திரையில் வந்தது. 7b4. பதினொரு நிமிடம்.

ஆவுடை குனிந்து பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு நீ ஏதோ காட்டினது ஞாபகம் இருக்குட்டி. என்னன்னுதான் நான் பாக்கல" என்றாள்.

அந்த எண்ணைப் பார்த்திருந்தால், அல்லது நான் சொன்னது காதில் விழுந்திருந்தால், வேறு வழி செய்திருப்பாள். பக்கத்தை மாற்றியிருக்கவே மாட்டாள் என்று நினைக்கவும் ஆசையாக இருந்தது.

பதிவை ஒலிக்கவிட்டார்கள். வெளியே போகலாமா என்று கேட்டேன். இருக்கச் சொன்னார்கள். முதல் முறையாக ஒரு கோப்பை முழுவதும் கேட்டேன். முதலில் சண்டை. "எனக்கு அவ வேண்டாம், நீயே வச்சுக்கோ." அவள் கத்தியது பொய் இல்லை. பிறகு போன் கைமாறும் சத்தம். "அம்மா, எட்டாம் வாய்ப்பாட்டுல ஏழெட்டு வரமாட்டுக்கு." மூக்கைச் சிந்திக்கொண்டு அவள், "முதல்ல இருந்து வா. ஓரெட்டு எட்டு" என்றாள். ஏழு நிமிடமும் அதுதான். ஏழெட்டில் தடுக்கி, திரும்பத் தொடங்கி, மறுபடி தடுக்கி, ஒருவழியாகப் பதினாறெட்டு வரைக்கும் போனார்கள்.

பின்வரிசையில் பிரமிளா உதடு அசைத்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி கண்ணைத் துடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமைச் சந்திப்பு இனி தாயின் வீட்டில், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை, இறுதித் தீர்ப்பு வரும்வரை. சான்றிதழ் மாறியது பற்றித் தனியாக விசாரணை. அதற்கும் நான் வர வேண்டும்.

புதிய சான்றிதழை அங்கேயே எழுதினேன். இரண்டு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஆலயம். துணி. தண்ணீர்த் தொட்டி கழுவ ஒருவழியாக ஆள் வந்தார்.

மதியம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அணைக்கவில்லை. சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போய்விட்டது. யாருடையது என்று பார்க்கவில்லை. அந்த வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும்.

கதவைத் தாழிட்டேன். பகலில் தாழிடும் பழக்கம் எனக்கு இல்லை.